எமன் தட்டிய கட்டில்

சிரிக்கத்தான் போறீங்க, ஆனா பல்லை இப்பவே காட்டிடாதீங்க.

பண்ணையார் அம்பலவாணர் கட்டிலுக்குள்ளே 'டொக் டொக்' சத்தம். மரத்துக்குள் தட்டினால் எமன் கூப்பிடுகிறான் என்பது ஊர் நம்பிக்கை. வேலைக்காரி பெருமாயியிடம் உறுமினார்: "ஏய்! சத்தத்தை நிறுத்து. இல்லேன்னா என் மண்ணுல இருக்கிற உன் குடிசையைப் பிரிச்சுடுவேன்!"

"நிறுத்த முடியாதுங்கய்யா, கைமாத்தலாம். கட்டிலை எனக்குத் தானம் பண்ணுங்க, எமன் எங்கிட்ட வந்துடுவான். ஆனா குடிசை மண்ணு உங்களுதா இருந்தா, மறுபடி உங்களத்தான் தேடுவான்."

பண்ணையார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஊர் பார்க்க, கட்டிலையும் மண்ணையும் தாரை வார்த்தார்.

மாதங்கள் போயின. பெருமாயியின் சாவுச் சேதி வரவில்லையே என்று அவரே குடிசைக்குப் போய்ப் பார்த்தார். பெருமாயி கட்டில் ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். கறுப்பாக ஒன்று விழுந்தது.

"அடிப்பாவி, தட்டினது வண்டா! முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்யா. நீங்க எமன்னு நம்பித்தானே எனக்குக் குடுத்தீங்க?"

தாரை வார்த்த தண்ணீர் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.