கழுத்தில் இரண்டு விரல்

ஜெசிந்தா பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸில் முதலுதவி செய்பவர். வயது முப்பத்தைந்து. அவரிடம் வேலை பழக வந்த கோமதிநாயகத்துக்கு நாற்பத்துநான்கு. நூல் மில்லை மூடிவிட்டதால் பயிற்சி முடித்து இந்த வேலைக்கு வந்தவர். குரு சீடனைவிடச் சின்னவர் என்பதில் இருவருக்குமே சங்கடம் இல்லை. அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை அண்ணே என்பார்.

கோமதிநாயகத்தின் சங்கடம் வேறு. அவருக்குப் பயம். சைரன் போட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெசிந்தாவோ எதைக் கண்டாலும் ரேஷன் கடைக்குப் போகிறவர்போல இறங்கி நடப்பார்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. அடிபட்டவர் பக்கத்தில் மண்டியிட்டதும் வலது கை அவர் கழுத்துக்குப் போகும். இடது கை தன் கழுத்துக்குப் போகும். அங்கே சிலுவை கோத்த சங்கிலி கிடக்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகுதான் எல்லாம்.

“அந்தம்மாவுக்கு மாதா துணை இருக்கு. பயம் எங்கேருந்து வரும்?” என்பார் டிரைவர் மைதீன்.

கோமதிநாயகமும் சட்டைப்பையில் ஒரு கோமதியம்மன் படத்தை வைத்துப் பார்த்தார். வேர்வையில் படம் நனைந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

“இந்தப் பயம் எப்ப மேடம் போகும்?”

“போனதும் சொல்லுதேன்” என்றார் ஜெசிந்தா.

கேலி செய்கிறார் என்று கோமதிநாயகத்துக்கு வருத்தம். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு வாட்டர் சர்வீஸ் கடை. அங்கே வண்டி கழுவுகிறவர் இசக்கிராஜ். ஆம்புலன்ஸையும் அவர்தான் கழுவுவார். தரையில் ரத்தம் உறைந்து கிடந்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்வார்கள். இசக்கிராஜ்தான் குழாயைத் திருப்புவார்.

அன்று மத்தியானம் இசக்கிராஜின் மனைவி பேச்சித்தாய் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். அவள் ரோட்டைத் தாண்டும்போதே கடைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அடுத்து அவள் அலறல்.

கோமதிநாயகம் ஓடினார். கடை வாசலில் ஜெசிந்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“நில்லுங்க. தரையெல்லாம் தண்ணி, கரண்டு இருக்கும்.”

மோட்டார் பக்கத்தில் இசக்கிராஜ் மல்லாந்து கிடந்தார். கையில் இன்னும் குழாய். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கோமதிநாயகத்தின் செருப்பு நுனிவரை வந்து நின்றது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

மைதீன் சுற்றிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மோட்டார் நின்றது.

“இறக்கியாச்சு!”

“அண்ணே, கழுத்துல நாடி பாருங்க. நான் ஷாக் பெட்டியை எடுத்துட்டு வாரேன்.” ஜெசிந்தா வண்டிக்கு ஓடினார்.

கோமதிநாயகம் மண்டியிட்டார். குரல்வளைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினார். இன்னும் அழுத்தினார். விரல் நுனியில் திம் திம் என்று அடித்தது. வேகமாக, பலமாக அடித்தது.

“இருக்கு! நாடி இருக்கு, நல்லா ஓடுது!”

“எம்மா தாயே!” பேச்சித்தாய் ஈரத்தரையில் விழுந்து கும்பிட்டாள்.

ஜெசிந்தா வந்தார். இசக்கிராஜின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்பதைப் பார்த்தார். வலது கை இசக்கிராஜ் கழுத்துக்குப் போனது, இடது கை சங்கிலிப் பக்கம் போனது.

“இல்லை” என்றார். “அமுக்குங்க அண்ணே.”

“இல்லையா?” பேச்சித்தாய் நிமிர்ந்தாள். “இப்பத்தானய்யா இருக்குன்னு சொன்னீரு!”

தன் விரலில் அடித்தது தன்னுடைய நாடிதான் என்று அந்த நிமிடத்தில் கோமதிநாயகத்துக்குப் புரிந்தது. கைகளைக் கோத்து நெஞ்சில் அமுக்கினார். தான் உளறிய நேரத்தில் இவர் போயிருந்தால் என்ற ஒரே நினைப்புதான். வியர்வை கண்ணில் வழிந்தது.

ஜெசிந்தா இசக்கிராஜின் நெஞ்சைத் துடைத்து ஷாக் பெட்டியின் பட்டைகளை ஒட்டினார்.

“எல்லாரும் தள்ளுங்க. யாரும் தொடாதீங்க.”

“கரண்டுல விழுந்த மனுசனுக்கு மறுபடியும் கரண்டா?” பேச்சித்தாய் பாய்ந்தாள். மைதீன் அவள் முன்னால் போய் நின்றுகொண்டார்.

இசக்கிராஜின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி விழுந்தது.

“அமுக்குங்க.”

கோமதிநாயகம் அமுக்கினார். கை கடுத்ததும் ஜெசிந்தா மாறிக்கொண்டார். அப்புறம் மறுபடியும் அவர்.

“நிறுத்துங்க. இப்ப நாடி பாருங்க.”

“நீங்க பாருங்க மேடம்.”

“நீங்கதான் பாக்கணும்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“பாருங்க அண்ணே.”

விரலை வைத்தார். அடித்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பேச்சித்தாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலை மேடம். என்னுதா அவருதா, எதுன்னு தெரியலை.”

ஜெசிந்தா கோமதிநாயகத்தின் இடது கையைப் பிடித்தார். அதைத் தூக்கி அவருடைய கழுத்திலேயே வைத்தார்.

இடது விரலில் நாடி தறிகெட்டு ஓடியது. வலது விரலில் வேறு ஒன்று. மெலிதாக, விட்டு விட்டு, தயங்கித் தயங்கி வந்தது. இரண்டும் சேர்ந்து அடிக்கவில்லை.

“ரெண்டு ஓடுது மேடம்” என்றார் கோமதிநாயகம். இந்த முறை கத்தவில்லை.

இசக்கிராஜ் இழுத்து ஒரு மூச்சு விட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இனிமேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். மைதீன் டீ வாங்கப் போனார். இருவரும் வண்டிப் படியில் உட்கார்ந்தார்கள்.

“நீங்க சிலுவையைத் தொடுதீங்கன்னுல்லா நெனச்சேன்” என்றார் கோமதிநாயகம்.

“எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க.”

“அப்ப சாமி கும்பிடலையா?”

“அதெல்லாம் வண்டியில வரும்போதே கும்பிட்டுருவேன்.”

“அங்க வச்சு உங்க நாடி எப்படி ஓடுச்சு மேடம்?” என்று கோமதிநாயகம் கேட்டார்.

ஜெசிந்தா மணிக்கட்டை நீட்டினார்.

கோமதிநாயகம் இரண்டு விரலை வைத்தார். மறக்காமல் இடது கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார். இசக்கிராஜைப் படுக்கையில் விட்டு வந்து வெகுநேரம் ஆகியும் அந்த மணிக்கட்டுக்குள் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. கோமதிநாயகத்தின் நாடியைவிட வேகமாக.

அவர் கையை எடுக்கவில்லை.

“பன்னெண்டு வருசமாவா?”

“ம்.”

“இந்தப் பயம் போகவே போகாதா மேடம்?”

“போயிட்டா ரெண்டு நாடியும் ஒண்ணுபோல ஓடுமே அண்ணே” என்றார் ஜெசிந்தா. “அப்புறம் எது யாருதுன்னு எதை வச்சுச் சொல்ல?”