வரையாட்டுப் பாதையில் முள் விழுந்த கதை

அந்தக் காலத்தில் வரையாடுகள் மனிதரோடு பேசும். மலையடியில் இருந்த வெள்ளச்சியின் வீட்டு வாசல்வரை இறங்கி வந்து புல் மேயும். மலைப்பாதைக்கு அடைப்பு ஏதும் கிடையாது.

தை பிறந்ததும், நிறைசினையாக இருந்த மூத்த ஆடு வெள்ளச்சியிடம் வந்தது.

"அக்கா, நான் மேலே போகிறேன். குட்டி எழுந்து ஓடும்வரை ஒருவரையும் ஏறவிடாதே. போன இரண்டு தடவையும் எனக்குப் பிள்ளை தங்கவில்லை."

"என் வீட்டில் பிரசவம் என்றால் வெளியாளை உள்ளே விடுவேனா? நீ தைரியமாகப் போ."

எட்டாம் நாள் கீழ்நாட்டிலிருந்து வெள்ளச்சியின் நாத்தனார் அங்காயி வந்தாள். மஞ்சள் பூசிக் குளித்து, தலை நிறைய மரிக்கொழுந்து வைத்திருந்தாள். மேலே ஆடு குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே அதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"வேண்டாம் மதினி. வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"ஆட்டுக்கு வாக்குக் கொடுத்தாளாம்! என் தம்பி இருக்கும் மலையில் நான் ஏறக் கூடாதா? பார்க்காமல் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன், போ."

நாத்தனார் பட்டினியாகத் திரும்பினால் ஊர் என்ன பேசும்? வெள்ளச்சி பயந்துவிட்டாள்.

"தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும்" என்று கூட்டிப்போனாள்.

தாய் மேயப் போயிருந்தது. குட்டி பாறை இடுக்கில் கிடந்தது. அங்காயி தூரத்தில் நிற்கவில்லை. குட்டியை அள்ளி மடியில் வைத்து, கன்னத்தோடு கன்னம் இழைத்துக் கொஞ்சினாள். பிறகு இறங்கிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். வெள்ளச்சிக்கு மனம் கேட்கவில்லை. அவளுக்குப் பரிமாறிவிட்டு மறுபடியும் மேலே ஓடினாள்.

அதற்குள் தாய் திரும்பியிருந்தது. குட்டியை முகர்ந்தது. பின்வாங்கியது.

"அம்மா, நான்தான்."

"குரல் என் பிள்ளையின் குரல். வாசம் வேறு யாருடையதோ."

கொம்பால் தள்ளிவிட்டது.

வெள்ளச்சி பதறிக் குட்டியைத் தூக்கிப்போய் ஓடையில் கழுவினாள். மஞ்சளும் மரிக்கொழுந்தும் போகத் தேய்த்தாள். மனித வாசம் போயிற்று. குட்டியின் சொந்த வாசமும் அதோடு போயிற்று. நடுங்கி நின்றதைத் தாய் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மடியில் பால் கட்டி வலிக்க, காணாமல்போன பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே மலை முழுக்க அலைந்தது.

மறுநாள் காலையில் குட்டி விறைத்துக் கிடந்தது.

"யார் பெற்ற பிள்ளையோ, பாவம். என் பிள்ளையைப் பார்த்தாயா அக்கா?" என்று கேட்டது ஆடு.

ஆடு வெள்ளச்சியின் முந்தானையை முகர்ந்தது. அதே மரிக்கொழுந்து. அதன் பிறகு அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. செங்குத்துப் பாறையில் ஏறிப் போய்விட்டது. வெள்ளச்சி முள் வெட்டி வந்து பாதையை அடைத்தாள்.

அன்றைக்கு வாய் மூடிய வரையாடு இன்றும் பேசுவதில்லை; மனித வாசம் பட்டால் ஆள் கால் நிற்காத பாறைக்கு ஏறிவிடுகிறது. அது குட்டி போடும் மாதங்களில் பாதையில் முள் கிடக்கிறது. வந்த விருந்தாளி கை நனைக்காமல் போனாலும் அதை யாரும் எடுப்பதில்லை.