கீழூருக்குப் போகாத சேதி

ஒரு ஆத்தங்கரையில மூணு ஊரு இருந்துச்சாம். ஒரே ஒரு ஊருன்னா நீ எங்க தூங்கப் போற, அதான் மூணு. ம் சொல்லு.

"ம்."

சைபீரியான்னு ரொம்பத் தூரம். வருஷத்துல பாதி நாள் ஆறு கல்லா ஒறஞ்சு கெடக்கும், மேல வண்டியே ஓட்டுவாங்க. அந்த ஆறு தெக்கேருந்து வடக்க போவுது. வடக்கதான் குளிர் ஜாஸ்தி. அதனால வெயில் வந்தா தெக்க இருக்குற மேலூர்ல முதல்ல ஐஸ் ஒடையும், மடார் மடார்னு. வடக்க, கீழூர்ல, அசையாம இருக்கும். ஒடஞ்சதெல்லாம் மெதந்து வந்து அங்க அடைச்சுக்கும். அப்போ தண்ணி எங்க போவும்? ஊருக்குள்ளதான்.

அதனால மேலூர்ல ஒடஞ்சா நடுவூருக்கு ஆள் வரும். நடுவூர் ஆள் குதிரையேறிப் போய்க் கீழூர்ல சொல்லணும். அந்த சனம் மேட்டுக்கு ஏறிடும். அந்த வருஷம் நடுவூர்ல எகோர்னு ஒருத்தன் முறை. அவன் தங்கச்சி உல்யானா கீழூர்லதான் வாக்கப்பட்டிருந்தா. அப்பன் தன் படகை அவளுக்குக் குடுத்துட்டான்னு இவனுக்கு ரெண்டு வருஷமா வயித்தெரிச்சல்.

"ம்."

காலையிலயே சேதி வந்துடுச்சு. "கெளம்புங்க"ன்னா பொண்டாட்டி. "குதிரை தின்னட்டும்"னான். அப்புறம் மறுபடி, "கெளம்புங்க." "சேணம் அறுந்திருக்கு, தைக்கணும்." அப்புறம் அவ கத்துனா, "உங்க தங்கச்சி இருக்கா அங்க!" "அவளுக்குத்தான் படகு இருக்கே, காலு கொஞ்சம் நனையட்டும்"னான், பாவி. அவனை அறையணும் போல இருக்கு எனக்கு.

மத்தியானத்துக்கு மேல போனான். டொக்கு டொக்கு டொக்கு. போனா, ஊரைக் காணோம். தண்ணி, ஐஸு, நாலு கூரை. மேட்டுல பாதி சனம்தான் நிக்குது. உல்யானா நின்னா. ஓடிப் போய் அவ கையைப் பிடிச்சான்.

அவ திட்டல. "காலையில மேல தூரத்துல என்னமோ சத்தம் கேட்டதுமே என் வீட்டுக்காரர் போயிடலாம்னாரு அண்ணே. ஊரே மூட்டை கட்டுச்சு. நான்தான் நிறுத்துனேன். எங்கண்ணன் முறை, அவன் சொல்லாம இருக்க மாட்டான்னேன். என் பேச்சைக் கேட்டு எல்லாரும் திரும்பிப் போய் அடுப்பு பத்த வெச்சாங்க."

"மாப்ள எங்க?"

"என்னை மேட்டுல ஏத்திட்டு மாமியாரக் கூட்டியாரப் போனாரு. வரல. உனக்கு என்ன ஆச்சுண்ணே?"

"குதிரைக்குக் கால் சரியில்ல"ன்னான்.

"அவன் அழுதானா?"

அழுதான். அழுது என்ன? "நான்தான் கொன்னேன், நான்தான் நிறுத்தி வெச்சேன்"னு உல்யானா சாகுற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா. பக்கத்துலயே இருந்தான் அண்ணன்காரன். ஒரு நாளும் வாயத் தொறக்கல.

இதோட சரி கதை. அவனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்காத. ஒண்ணும் ஆகல. கண்ண மூடு.