இலைப் படம் போட்ட கவர்

"எந்தப் பெயிண்ட் அடிச்சா இந்தச் சுவர் பேசாம இருக்கும்? அதை மட்டும் சொல்லு."

உலகநாதன் கேட்ட தோரணை இன்னும் வகுப்பில் நிற்பது போலத்தான் இருந்தது. மன்னார்குடியில் முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். எதிரே நின்ற மங்கையர்க்கரசி அவரிடம் பிளஸ் டூ படித்து, முட்டிமோதித் தேறியவள். இப்போது ஊரில் பாதி வீடுகளுக்குச் சுவர் வேலை அவள் கையில்தான்.

அவள் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரை விரல் முட்டியால் தட்டினாள். பொத்தென்று கேட்டது.

செங்கல்லும் சுண்ணாம்புமாக அவர் அப்பா கட்டிய வீடு. போன வருஷம் பளபளக்கிற பெயிண்ட் ஒன்றை அடித்தார். அந்த வாடையில் மனைவி வேதவல்லிக்கு மூச்சு இழுத்தது. திருவாரூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

பதறிப்போய் அதன் மேலேயே வாடையில்லாத பெயிண்ட் அடித்தார். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது, டப்பாவில் இலைப் படமே போட்டிருந்தது. வாடை நிஜமாகவே இல்லை. ஆனால் இரண்டே மாதத்தில் சுவர் கொப்புளித்து, கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. அதன் மேலே இன்னொரு இலை டப்பா. மறுபடியும் பூஞ்சை.

ஐந்து மாதமாகத் தானே சமைத்துத் தானே சாப்பிட்டு, மனுஷர் வெறுத்துப் போயிருந்தார். வேதவல்லி வந்தால் போதும் என்றிருந்தது.

நான்காவது டப்பா வாசலில் தயாராக இருந்தது. சொட்டுத் தண்ணீர் புகாதாம். பத்து வருஷம் உத்தரவாதமாம்.

மங்கை கொண்டுவந்தது ஒரு வாளி ஊறிய சுண்ணாம்பும் ஒரு இரும்புத் தகடும்தான். வாளியைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார். மாட்டுக் கொட்டகைக்கு அடிக்கிறதை என் படுக்கையறையில் அடிப்பாயா என்றார்.

"கையை நீட்டுங்க சார்."

நீட்டினார். மளிகைக் கவர் ஒன்றை அவர் வலது கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டைப் போட்டாள்.

"எதுக்கும்மா?"

"டீயைக் குடிங்க சார்."

இடது கையால் குடித்தார். அவள் பாட்டுக்குச் சுண்ணாம்பை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போனது. கவரின் உள்பக்கம் வேர்த்துத் துளித்துளியாகக் கோத்துக்கொண்டது.

"கை நசநசன்னு இருக்கும்மா."

"நான் தண்ணி ஊத்தலையே சார்."

"நீ எதுக்கு ஊத்தணும்? உள்ளேருந்து வர்றது. வெளியே போக வழியில்லாம நிக்குது."

"அப்ப கவர்தான் மட்டம்." அவள் தன் பையைத் துழாவிப் பச்சையாக இன்னொரு கவரை எடுத்தாள். "இதையும் மேல மாட்டிடலாமா சார்? இதுல இலைப் படம்கூடப் போட்டிருக்கு."

உலகநாதன் கவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வாசலில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

பல்லால் ரப்பர் பேண்டை இழுத்துக் கவரைக் கழற்றினார். காற்றுப் பட்டதும் கை குளுகுளுவென்றிருந்தது.

"அந்தத் தகட்டை இப்படிக் கொடு."

மூக்கில் துணி கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, மத்தியானம் வரை இருவரும் சுரண்டினார்கள். மூன்று பெயிண்டும் தோல்தோலாகக் கழன்று விழுந்தன. உள்ளே ஈரச் சுவர் வெளிச்சத்துக்கு வந்தது.

திருவாரூரிலிருந்து போன் வந்தது. எத்தனையாவது டப்பா ஓடிக்கொண்டிருக்கிறது என்று வேதவல்லி கேட்டாள். குரலில் கேலிதான்.

"அடிக்கலை வேதா. உரிச்சுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் கேலி நின்றுவிட்டது.

"சுவர் காயற அன்னிக்குச் சொல்லுங்க," என்றாள். "நான் பையை எடுத்து வெச்சிடறேன்."