மணியக்காரர் தெருவின் மஞ்சள் நிறம்

இந்தப் புதிரைக் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கதை முடியும்வரை யார் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது. நான் சொல்லும்போதே மூன்று முறை சாய்ந்துவிட்டேன், அதனால்தான் எச்சரிக்கிறேன்.

செம்மடை நகராட்சியின் மணியக்காரர் தெருவில் அங்கயற்கண்ணிக்கு அன்று காலையிலிருந்து கால் ஓர் இடத்தில் தரிக்கவில்லை. அடுப்படிக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வாசலுக்கு வருவாள். வீட்டின் முன்பகுதியில் அவள் மசாலாத்தூள் மில் வைத்திருந்தாள். அதே தெருவின் எட்டுப் பெண்கள் அங்கே மிளகாய் வறுத்து, தூளைப் பொட்டலம் கட்டிப் பிழைத்தார்கள். மறுநாள் பதினொரு மணிக்குள் அவள் ஒரு மனுவைக் கொடுக்காவிட்டால் மில்லுக்கு நகராட்சி சீல் வைத்துவிடும். மனு கையில் தயாராக இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் அவளைப் படுத்தியது.

இந்த வினைக்கு விதை போட்டவளும் அவளேதான். ஐந்து வருடம் முன்பு தெருக்கோடிக் கட்டடத்துக்கு மதுக்கடை வரப்போகிறது என்று பேச்சு வந்தது. நகர வரைபடத்தில் உங்கள் தெருவைக் குடியிருப்புப் பகுதி என்று மஞ்சள் அடித்துவிட்டால் கடை வராது என்று யாரோ யோசனை சொன்னார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் பிச்சையப்பனிடம் அவள் ஓடினாள். பிச்சையப்பனுக்கு எதையும் பாதியாகக் கேட்கத் தெரியாது. "எவ்வித வணிகமும் எக்காலத்தும் அனுமதிக்கலாகாது" என்று எழுதினார். நாற்பத்தொரு வீட்டிலும் அவளே கையெழுத்து வாங்கினாள். பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் மட்டும் தயங்கினார்.

"வீட்டைத் தவிர ஒண்ணும் வராது டீச்சர். நான் பொறுப்பு" என்றாள்.

தெரு மஞ்சளானது. மதுக்கடை வரவில்லை. நிம்மதியான தெரு என்று பேர் பரவி, காலி மனைகளில் பதினொரு வீடுகள் எழும்பின. வாடகைக்குக் குடும்பங்கள் வந்தன. அந்தக் குடும்பத்துப் பெண்கள் வேலை கேட்டு அவள் கதவைத்தான் தட்டினார்கள். சின்ன மிக்சியில் தொடங்கிய தொழில் பத்துக் குதிரைசக்தி மோட்டாருக்கு வளர்ந்தது. மஞ்சள் தெருவில் வீட்டுத் தொழிலுக்கு ஐந்துதான் அனுமதி என்பதை அவள் விசாரிக்கவே இல்லை.

ஏழு மணி பஸ்ஸில் சரக்கு ஏற்ற வேண்டுமென்பதால் விடியற்காலை நாலு மணிக்கே மில் ஓடும். டீச்சரின் கணவர் இருதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்தார். சுவர் அதிர, அவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். டீச்சர் இரண்டு முறை வந்து சொன்னார்.

"பழகிடும் டீச்சர்" என்றாள் அங்கயற்கண்ணி.

மூன்றாம் முறை டீச்சர் அவளிடம் வரவில்லை. பிச்சையப்பனிடம் போனார்.

நகரமைப்பு ஆய்வாளர் கலிவரதன் வந்தார், மோட்டாரைப் பார்த்தார், பத்து நாள் கெடு கொடுத்தார். "தெருவை வணிகப் பகுதியா மாத்தச் சொல்லி மனுக் குடுங்கம்மா. முடிவு தெரியிற வரைக்கும் மில்லு ஓடலாம்."

"மாத்திட்டா மதுக்கடை?"

"அதுக்கும் வழி திறக்கும். உங்களுக்குன்னு தனியா சட்டம் இல்லையே."

அந்த மனுவில் எட்டுப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாகப் போட்ட பேச்சியம்மாள் மட்டும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றாள். "கடை அரை மைல் தள்ளி இருக்கப்பவே எங்க வீட்டுக்காரரு நடந்து போய்க் குடிச்சிட்டு வாராரு அக்கா. வாசல்லயே வந்துட்டா?" என்று கேட்டாள். அங்கயற்கண்ணி பேனாவை வாங்கிக்கொண்டு மனுவை மடித்து வைத்தாள். அன்று போன தூக்கம் திரும்பி வரவில்லை.

கெடு முடியும் நாள் பத்தரைக்கு அவள் நகராட்சி அலுவலகத்தில் இருந்தாள். கலிவரதன் கை நீட்டினார். அவள் மனுவை நாலாகக் கிழித்து மேசைமேல் வைத்தாள். "எங்க தெரு மஞ்சளாவே இருக்கட்டும் சார்" என்றாள்.

அதே சமயம் மூச்சு வாங்க ஜெபமணி டீச்சர் உள்ளே வந்தார். "புகாரை வாபஸ் வாங்குறேன் சார். மில்லை மூடச் சொல்லி நான் கேக்கவே இல்ல. ஆறு மணிக்கு மேல ஓட்டினாப் போதும்னுதான் சொன்னேன்."

கலிவரதன் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "மேற்படி வணிகத்தை நிரந்தரமாக மூடி முத்திரையிட வேண்டுகிறேன்" என்று இருந்தது. கீழே டீச்சரின் கையெழுத்து. "நீங்க வாபஸ் வாங்கலாம் டீச்சர். பத்துக் குதிரைசக்தி அஞ்சாயிடாது" என்றார். அன்று சாயங்காலமே சீல் வைத்தார்.

தெருவுக்காகத் தன் பிழைப்பைக் கிழித்துப் போட்டாள் ஒருத்தி. கணவருக்காகப் புகார் கொடுத்து, அக்கம்பக்கத்துக்காக அதைத் திரும்பப் பெற வந்தார் இன்னொருவர். இருவர் மனமும் தெரிந்த பிறகும் சீல் வைத்தார் மூன்றாமவர். இதில் யார் செய்தது சரி?

விடை: கலிவரதன். எனக்கே பிடிக்காத விடைதான். நல்ல மனுஷி என்று மில்லுக்கு அவர் வளைந்திருந்தால், மறுநாள் மதுக்கடைக்காரனும் ஒரு நல்ல காரணத்தோடு வந்து நிற்பான். பெண்கள் இருவரும் நல்லவர்கள்தான், ஆனால் இருவரும் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள். ஒருத்திக்கு வேண்டாதது மதுக்கடை மட்டும், ஒருவருக்கு வேண்டியது இரண்டு மணி நேரத் தூக்கம் மட்டும். அதை மட்டும் கேட்காமல், படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். டீச்சர் முப்பது வருடம் பிள்ளைகளைப் படித்துப் பார் என்று அதட்டியவர். இப்போது இருவரும் சேர்ந்து தங்கள் கையாலேயே மூன்று வரியில் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: சிறிய மோட்டார், ஆறு மணிக்கு மேல், மசாலா மட்டும். பதில் இன்னும் வரவில்லை. பேச்சியம்மாள் தினமும் வந்து, பதில் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.