கழுத்துப்பட்டையும் வர்க்கியும்

"வெல்லம் உங்களைக் கண்டாலே ஓடி ஒளியுதுங்கம்மா. என்ன கோளாறுன்னே தெரியலைங்க."

செங்கோடன் தாட்சாயணி அம்மாவிடம் முறையிட்டார்.

வெல்லம், கோத்தகிரி மலைச்சரிவில் இருந்த அந்தத் தியானக் கூடத்தின் நாய். கண் திறக்காத குட்டியாகக் கிடைத்ததைப் பால் ஊட்டி வளர்த்தவர் செங்கோடன்தான். திருப்பூரில் மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவருடைய குரு தாட்சாயணி அம்மா, வயதில் அவரைவிட மிகவும் இளையவர்.

வெல்லத்திடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். பிடித்தவர்களைக் கண்டால் சேற்றுக் காலோடு மேலே தாவும். அதற்குப் பிடிக்காதவர் என்று உலகத்தில் யாரும் இல்லை, அதுதான் வம்பு.

போன பௌர்ணமிக்கு வந்த ஒரு பெண்மணி அது தாவியதில்தான் விழுந்து கையை முறித்துக்கொண்டார். இந்தப் பௌர்ணமிக்கும் தாவினால் நாயை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று கூடத்தார் சொல்லிவிட்டார்கள்.

செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. ரிமோட்டில் இயங்கும் கழுத்துப்பட்டை ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். பட்டனை அழுத்தினால் கழுத்தில் சுருக்கென்று மின்சாரம் பாயும்.

காலையில் தியானம் முடிந்ததும் அம்மா வெளியே வந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு வர்க்கி கொடுப்பார். அந்த ஊரின் மொறுமொறு வர்க்கி பிஸ்கட். வெல்லம் ஆசையாக அவர்மேல் தாவும். செங்கோடன் அழுத்துவார்.

தாவுவது நின்றது. அம்மாவிடம் வருவதும் நின்றது. அதைத்தான் செங்கோடன் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டனை அழுத்தினது யாரு?" என்றார் அம்மா.

"நாந்தானுங்க."

"ஓடுறது என்னைக் கண்டு."

"அதானுங்கம்மா புரியலை."

"பட்டையைக் கழட்டிக் கொண்டு வாங்கண்ணா."

அம்மா அதைச் செங்கோடனின் மணிக்கட்டில் கட்டினார். ரிமோட்டைத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை செங்கோடன் அம்மாவைக் கும்பிடக் குனிந்தார்.

சுருக்!

"ஐயோ! நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

அம்மா அவருக்கு வர்க்கியைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

அடுத்த நாளும் அதே சுருக். மில்லையே ஒரு அதட்டலில் அடக்கியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவிடம் காட்ட முடியுமா? வர்க்கியோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

பிறகு ஒரு காலை, அம்மா வெளியே வந்தபோது செங்கோடனைக் காணோம்.

"ஏண்ணா, தூணுக்குப் பின்னாடி நிக்கிறீங்க? வர்க்கி வேண்டாமா?"

"வேணுமுங்க. ஆனா உங்களைப் பாத்தாலே கை கூசுதுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினார். தூணின் மறுபக்கத்தில் வெல்லம் ஒண்டிக்கொண்டு நின்றது.

"அட என் தங்கமே" என்று அப்படியே குந்திவிட்டார். கண் நிறைந்து வழிந்தது.

அம்மா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இதுல இன்னொரு பட்டன் இருக்கே. இது எதுக்கு?"

"அது வெறும் சத்தமுங்க. வலிக்காது. அதனால நான் தொட்டதே இல்லைங்க."

அம்மா அதை அழுத்தினார். மணிக்கட்டில் 'பீப்' என்றது. எங்கே சுருக்கென்றுவிடுமோ என்று பதறி, குந்தியிருந்த செங்கோடன் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவர் கையில் ஒரு வர்க்கியை வைத்தார்.

வெல்லம் வர்க்கியைப் பார்த்தது. செங்கோடனைப் பார்த்தது. மறுபடி 'பீப்' என்றபோது, அதுவும் மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து பட்டை செங்கோடனின் மணிக்கட்டிலேயே இருந்தது. தினமும் காலையில் அம்மா சத்தப் பட்டனை அழுத்துவார். இருவரும் உட்காருவார்கள். இருவருக்கும் வர்க்கி கிடைக்கும்.

பௌர்ணமி வந்தது. முற்றம் நிறைய ஆட்கள். கையில் கட்டோடு அந்தப் பெண்மணியும் வந்திருந்தார்.

வெல்லம் அவரை மறக்கவில்லை. வாலைச் சுழற்றிக்கொண்டு அவரை நோக்கிப் பாய்ந்தது. அவர் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அலறினார்.

செங்கோடன் முற்றத்தின் நடுவில் டீத் தட்டோடு நின்றிருந்தார்.

பீப்.

வெல்லம் அந்தப் பெண்மணியின் காலடியில் சட்டென்று உட்கார்ந்தது.

முற்றத்தின் நடுவில், டீத் தட்டோடு, செங்கோடனும் உட்கார்ந்தார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்மணியும் சிரித்துவிட்டார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இருந்தது ஒரே ஒரு வர்க்கி. அதைச் செங்கோடனிடம் நீட்டினார்.

"முதல்ல அதுக்குக் குடுங்கம்மா" என்றார் செங்கோடன்.