நிமிர்ந்து நின்ற கிளிமூக்குச் சேவல்

தேனியில் கிளிமூக்குச் சேவல் கண்காட்சி. மரக்கடை முதலாளி வையாபுரியின் சேவலுக்கு அலகு கிளியுடையதைப் போலவே வளைந்திருந்தது. வாலும் தரையைத் தொட்டது. ஆனால் நெஞ்சை நிமிர்த்தி நிற்காத சேவலுக்கு அங்கே பரிசு கிடையாது. இதுவோ அவர் பார்த்தபோதெல்லாம் குனிந்தே நின்றது.

"இன்னைக்கு இது நிமிர்ந்து நிக்கணும். இல்லேன்னா இது குழம்புக்கு, நீ வீட்டுக்கு" என்று பிரம்பை ஆட்டினார் வையாபுரி.

தீனி வைத்து அதை வளர்த்தவள் ஒச்சம்மா. அது ஏன் குனிகிறது என்று அவளுக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"நிக்க வச்சிரலாம் முதலாளி. நடுவர் பாத்து முடிக்கிற வரைக்கும் நீங்க கேட்டுக்கு வெளியே இருங்க. இம்புட்டு அழகுக்கு உங்க கண்ணே பட்டுரும்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே போய்விட்டார்.

நடுவர் வந்தார். சேவல் கழுத்தைத் தூக்கிக் கம்பீரமாக நின்றது. முதல் பரிசு அதற்குத்தான்.

செய்தி கேட்டு வையாபுரி ஓடி வந்தார். அவரைக் கண்டதும் சேவல் தரையோடு ஒட்டிப் பதுங்கியது.

நடுவர் திகைத்தார். "இவ்வளவு நேரம் எப்படிம்மா நிக்க வச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. முதலாளிய வெளியே நிக்கச் சொன்னேன். இது உள்ளே நின்னுச்சு."

சொன்ன பிறகுதான், வேலை போயிற்று என்று ஒச்சம்மாவுக்கு உறைத்தது. கூட்டம் வையாபுரியின் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தது. அவரும் பார்த்தார்.

"சேவலோட நில்லுங்க, படம் எடுக்கணும்" என்று கண்காட்சிக்காரர்கள் அவரை அழைத்தார்கள்.

"அவளே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வையாபுரி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.